ஜாடியைக் கவிழ்த்துப் பார்

அன்புள்ள சேது,

முதலில் திட்டிவிடு, அப்புறம் படி. எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. உன் அம்மா காரியத்துக்கு வர முடியாததற்கு முழங்கால் ஆபரேஷன் காரணம், அது உனக்குத் தெரியும். கடிதம் எழுதாததற்கு முழங்கால் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும், அது வரவில்லை. பிறகு வேறொரு வெட்கக்கேடும் சேர்ந்துகொண்டது. நேற்று பாலு குரூப்பில் போட்ட படத்தைப் பார்த்ததும் இனிமேல் தாங்காது என்று எழுதுகிறேன். படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சௌக்கியம். சாந்திக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேரன் சீனப் பையன்களோடு சேர்ந்து என்னை 'அங்கிள்' என்கிறான்.

வெட்கக்கேடு இதுதான்: பீங்கானில் ஒரு தூரிகைக் குவளை வாங்கினேன். 2,800 வெள்ளி. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே, சாந்தி பெருக்கிப் பார்த்தாள். சங்குக் காசு விவகாரத்தோடு திருந்தியிருக்க வேண்டாமா என்று நீ கேட்பது காதில் விழுகிறது. அந்தக் காசை என் தலையில் கட்டியவனே நீதான் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

பைத்தியம் எங்கே தொற்றியது தெரியுமா? எங்கள் பிளாக்கில் நாலாவது மாடியில் ஒரு சீன வாத்தியார் இருக்கிறார், ரிட்டயர்டு. காலையில் நான் நடக்கப் போகும்போது அவர் மேசையில் உட்கார்ந்து எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருப்பார். தூரிகை, மை, காகிதம், மை உரைக்கிற மைக்கல். இந்த நான்கையும் அவர்கள் படிப்பறையின் செல்வங்கள் என்பார்கள். அதைச் சுற்றி ஒரு குட்டிச் சமஸ்தானமே இருக்கிறது: தூரிகை சாய்த்துவைக்க ஐந்து சிகர மலை, கழுவ ஒரு கிண்ணம், மைக்கல்லில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட உள்ளங்கை அளவில் ஒரு பாத்திரம். எனக்குப் பிடித்தது மணிக்கட்டுத் தாங்கி. அவர்கள் வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக எழுதியவர்கள். கை போகும் வழியில் ஈரமை கிடக்கும், சட்டைக்கை அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அதற்காக மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, கவிழ்த்து வைத்து, அதன் மேல் மணிக்கட்டை வைத்தார்கள். இதைச் செதுக்குவதையே ஒரு பெரிய கலையாக்கியது ஜியாதிங் என்ற ஊர், இப்போது ஷாங்காயோடு சேர்ந்துவிட்டது. மிங் வம்சம் ஆண்ட காலத்தில் அங்கே ஜூ குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் மூன்று பேரும் மூங்கில் செதுக்கியே பேர் வாங்கினார்கள்.

வாத்தியாருடையது செதுக்கல் எதுவுமில்லாத வெறும் மூங்கில். அவர் தாத்தா ஃபூஜியானிலிருந்து கொண்டுவந்தது. மூன்று தலைமுறைக் கை பட்டுப் பட்டு நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏலத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

அவர்தான் மீ ஃபூ கதையையும் சொன்னார். சோங் வம்சக் காலத்து எழுத்துக் கலைஞன், பாறையைக் கண்டால் கும்பிட்டு 'அண்ணா' என்று கூப்பிடுகிற ஆள். ஒருநாள் ஹுய்ஸோங் மன்னன் தன்னுடைய மைக்கல்லைக் கொடுத்து எழுதச் சொன்னானாம். எழுதி முடித்ததும் இவன், 'அடியேன் தொட்டுத் தீட்டாகிவிட்டது, இனி மன்னருக்கு ஆகாது' என்று சொல்ல, மன்னன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள் என்றிருக்கிறான். மை சொட்டச் சொட்ட, உடுப்பெல்லாம் நாறடித்துக்கொண்டு, மனம் மாறுவதற்குள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். சேகரிக்கிற ஜாதியின் குலதெய்வம் என்றால் இவன்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடை எது என்று கேட்காதே. நீலமும் வெள்ளையும், பைன் மரத்தடியில் ஒரு கிழவர், பின்னால் மலை. அடியில் இரட்டை வட்டத்துக்குள் ஆறு எழுத்து: 'மாபெரும் மிங், செங்ஹுவா ஆட்சியில் செய்தது'. செங்ஹுவா ஆண்டது 1465 முதல் 1487 வரை. எனக்கு நாக்கு ஊறிவிட்டது. கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'சார், ஏமாந்துவிடாதீர்கள். அந்த முத்திரை பொய். இது மிங் இல்லை, அதற்கு இருநூறு வருஷம் பிந்திய காங்ஷி மன்னர் காலத்துச் சரக்கு.' இவ்வளவு நேர்மையான ஆளா என்று உருகிப்போனேன் சேது!

அவன் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கொடுமை. 1677இல் சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெசென்னின் அதிகாரி ஒருவர், நடப்பு மன்னரின் பெயரைப் பீங்கானில் எழுதக்கூடாது என்று தடை போட்டார். உடைந்தால் மன்னர் பெயர் குப்பையில் கிடக்குமே என்ற பயம். குயவர்கள் பார்த்தார்கள், பழைய மன்னர் பெயரை எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? செங்ஹுவா பெயரைப் போட்டார்கள்; சிலர் வெறும் வட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் காங்ஷி காலத்துப் பண்டத்தில் செங்ஹுவா முத்திரை இருப்பது ஊரறிந்த சங்கதி. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து படித்துச் சரிபார்த்தேன். அவன் சொன்னது சரியாக இருந்தது. மறுநாளே போய்ப் பணத்தைக் கட்டினேன்.

அந்தக் கடையில் மூங்கில், மரம், சோப்புக்கல் எல்லாவற்றிலும் செதுக்கியவை இருந்தன. யானைத் தந்தத்தை மட்டும் 2021 செப்டம்பரிலிருந்து இங்கே விற்கக்கூடாது. நல்லவேளை, இல்லாவிட்டால் அதிலும் ஒன்று தலையில் விழுந்திருக்கும்.

வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் கவிழ்த்தார். அடிவளையத்தில் மெருகு ஏறாத கரடுமுரடான ஓரத்தை நகத்தால் தடவினார். பிறகு காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பஞ்சு பழுப்பாகிவிட்டது. முந்நூறு வருஷ அழுக்கு என்றால் பொத்தலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், இப்படிக் கூப்பிட்டதும் வராது என்றார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துக் கீறல்களைப் பார்க்கச் சொன்னார். மேசை மேசையாக இழுபட்ட பாத்திரத்தில் கீறல் நாலா பக்கமும் ஓடுமாம். இதில் எல்லாம் ஒரே திசை. உப்புத்தாள்!

கடைசியாகத்தான் படத்துக்கு வந்தார். 'உங்கள் மலையைப் பாருங்கள்' என்றார். மை ஒன்றுதான், ஆனால் அதில் ஐந்து நிறம் உண்டு என்பது அவர்கள் சொல்வழக்கு. காங்ஷி காலத்து நல்ல கைகள் அதே வித்தையை நீலத்தில் செய்து காட்டின. பக்கத்து மலை கனமாக, அடுத்தது இளைத்து, கடைசி மலை மூச்சுவிட்ட ஈரம் மாதிரி. என் மலை முழுக்க ஒரே நீலம், பள்ளிக்கூடச் சுவருக்கு அடித்தது போல. 'ஜிங்தெசென்னில் செய்ததுதான். ஊர் அசல், மண் அசல். வருஷம்தான் பொய்' என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேநீர் ஊற்றினார்.

பணம் திரும்பி வரவில்லை. ரசீதில் 'நீல வெள்ளைக் குவளை' என்று மட்டும்தான் இருக்கிறது. காலம் பற்றி ஒரு சொல் இல்லை. வாயால் சொன்ன காங்ஷிக்கு எங்கே போய் வழக்குப் போடுவது?

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குவளை சமையலறையில் நிற்கிறது, கரண்டிகளோடு. என்ன இது என்றேன். 'எனக்கும் தூரிகைதான்' என்றாள் சாந்தி. 2014இல் ஹாங்காங் ஏலத்தில் ஒருத்தர் செங்ஹுவா காலத்துக் கோழிப்படக் கிண்ணத்தை 28 கோடி ஹாங்காங் வெள்ளிக்கு எடுத்து, அதிலேயே தேநீர் குடித்தார் என்று சொல்லிப் பார்த்தேன். 'அவர் குடிக்கட்டும், நான் சாம்பார் கிண்டுகிறேன்' என்றாள். கரண்டியோடு பார்க்க அது நன்றாகத்தான் இருக்கிறது, சொன்னால் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

இனி படத்துக்கு வருகிறேன்.

வீட்டைக் காலி செய்கிறோம் என்று பாலு போட்டிருந்தான் அல்லவா? திண்ணையில் அம்மி, மர உரல், தாம்பாளம், ஓரத்தில் அம்மாவின் நார்த்தங்காய் ஜாடி. பழைய சாமான்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார் என்று கீழே எழுதியிருந்தான்.

இங்கே மியூசியத்தில் ஒரு கப்பல் சரக்கு வைத்திருக்கிறார்கள். 1998இல் பெலித்துங் தீவுப் பக்கம் கடலில் கிடைத்தது, ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல். அறுபதாயிரம் பண்டம், பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா ஊர்க் கிண்ணங்கள். அவற்றைப் பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாரும் தங்கக் கோப்பையைப் பார்க்கப் போய்விட்டார்கள், நான் அந்த ஜாடிகளின் முன்னாலேயே நின்றுவிட்டேன். தோளில் சின்னச் சின்னக் காதுகள், மூடித் துணியை இழுத்துக் கட்ட. அம்மா வேட்டித் துணியை நனைத்து அப்படித்தானே கட்டுவார்கள்?

உன் தாத்தா பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் கொண்டுவந்தது என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? பினாங்கு ஜாடி என்றால் சீனச் சரக்காக இருக்க நிறைய வாய்ப்பு. பெரிய பழசாக இருக்காது, நூறு வருஷம் என்றால் அதிகம். விலையும் பெரிதாகப் போகாது, அதனால் பாலுவை உஷார்ப்படுத்தி வம்பு வளர்க்காதே. ஆனால் சாமான்காரர் வருவதற்கு முன்னால் போய் அதைக் கவிழ்த்துப் பார். அடியில் மெருகு இருக்கிறதா, காது நாலா ஆறா, ஏதாவது முத்திரை அழுந்தியிருக்கிறதா. படம் எடுத்து அனுப்பு.

எழுதிப் படித்துப் பார்த்தால் மீ ஃபூ வேலை மாதிரித்தான் இருக்கிறது. துக்கம் கேட்க எட்டு மாதம் எழுதாதவன், ஜாடிக்கு ஒரே ராத்திரியில் ஆறு பக்கம். எனக்கு வேண்டாம்டா, உன் வீட்டில் இருக்கட்டும். ஸ்கூல் விட்டு வந்தால் உனக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு, பாலுவுக்கு விரலை நக்கக் கொடுப்பார்கள். அம்மாவை நினைத்தால் எனக்கு முகம் வருவதற்கு முன்னால் அந்தப் புளிப்பு வருகிறது. அதைத்தான் அப்போது எழுத வரவில்லை.

ஒன்று மட்டும். உள்ளே கழுத்துக்குக் கீழே உப்பு ஏறிய வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும். வசந்தா சுத்தம் செய்கிறேன் என்று சோடா போட்டுத் தேய்த்துவிடப் போகிறாள். விடாதே.

உன்,
மணி

பி.கு: நார்த்தங்காய்க்கு அம்மா எத்தனை நாள் வெயில் வைப்பார்கள் என்று சாந்தி கேட்கச் சொன்னாள். இங்கே பன்னிரண்டாவது மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை, ஜாடிதான் பிளாஸ்டிக்.