பழைய ஆலயங்களுக்குப் பொதுச் சுண்ணாம்புக் களம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள சபையாருக்கும் ஊர்ப் பெரியோருக்கும் தோத்திரம்.

தஞ்சை வட்டாரத்தில் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு கொண்டு எழுந்த பழைய ஆலயங்களைப் பழுதுபார்க்க, எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக ஒரு சுண்ணாம்புக் களம் அமைக்க முனைந்திருக்கிறோம். இரண்டு தொட்டிகள், ஓர் அரவை எந்திரம், கடுக்காய்த் தண்ணீர் ஊறப்போடப் பீப்பாய்கள், கூரைக்கான மெல்லிய டெரஸ் செங்கல் இருப்பு, இவை போதும். ஒரு சபை தனியாகச் செய்யக் கட்டுப்படியாகாது. சேர்ந்தால் முடியும்.

இந்த மண்ணில் ஆலயம் எழும்பியதில் தஞ்சையை ஆண்ட மராட்டியரான போன்சலே அரச குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. துளஜா மன்னர் ஆட்சியில்தான், 1779இல், ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையின் சிவகங்கைச் சிறுகோட்டையில் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டினார். 1787இல் மரணப்படுக்கையில் துளஜா தம் வளர்ப்பு மகன் சரபோஜியை ஒப்படைத்ததும் அந்த ஐயரிடமே. 1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் மறைந்தார். அதே ஆண்டு அரியணை ஏறிய சரபோஜி, லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் சிற்பம் செய்வித்துக் கிறிஸ்து ஆலயத்தில் வைத்தார். படுத்திருக்கும் குருவின் கையை மன்னர் பற்றியிருப்பதை இன்றும் அங்கே பார்க்கலாம். சரபோஜி கடைசிவரை சைவர். தம் குலத்தின் வரலாற்றைப் பெரிய கோயில் சுவரில் வெட்டுவித்தவரும் அவர்தான். நாகூர் தர்காவின் 131 அடி மினாராவை எழுப்பியவர் துளஜாவின் தந்தை பிரதாபசிங்கர். தன் சமயம், பிறர் சமயம் என்று கணக்குப் பார்க்காமல் கொடுத்த குடும்பம் அது.

1855இல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அதன்பின் அரண்மனைக் கொடையை எதிர்பார்க்க வழியில்லை. கூரையும் சுவரும் சபையார் பொறுப்பு. சபையார் யாரும் கைவிட்டுவிடவில்லை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளாக அன்போடு கொடுத்த சிமெண்டே பல சுவர்களைக் கெடுத்திருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறுகிறது. மூன்று நான்கு அடி உயரத்தில் உப்புப் பூக்கிறது. உப்பு உள்ளுக்குள் படிகமாகும்போது செங்கல் மாவாய் உதிர்கிறது. பூச்சு மட்டும் பலகைபோல் விறைத்து நிற்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சேதம் இரட்டிப்பு. இதற்கு ஒரே மருந்துதான்: சிமெண்டைக் கொத்தி எடுத்து, இடுக்குகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகவே பெருக்கிவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் சேர்த்த காரையால் பூசுவது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

கூரை இன்னும் கவனம் கேட்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்றும் கட்டைக்குத்து ஒட்டு என்றும் நாம் சொல்வது இதுதான்: ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குச் சட்டம், அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள மெல்லிய செங்கலைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் ஒட்டிய வரிசை, அதன்மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, மேலே இரண்டு வரிசைத் தட்டோடு. 100 சதுர அடிக்கு இந்தச் செங்கல் சுமார் 1,800 பிடிக்கும். கடையில் கிடைக்காது. சூளைக்காரர் அச்சு மாற்றி அறுக்க வேண்டும், சில நூறு கல்லுக்காக அவர் அச்சை மாற்றமாட்டார். பொது இருப்பு கேட்பதன் காரணம் இதுவே.

ஜல்லிச் சுண்ணாம்புக்குப் பொதுப்பணித் துறை பின்பற்றிவந்த விகிதம் 32க்கு 12½: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல் இல்லை. பரப்பியதும் மரக்கட்டையால் அடிக்க வேண்டும். இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டை பதியாமல் எம்பும்வரை, நாள்கணக்கில். இங்கே அவசரப்பட்டால் அடுத்த ஐப்பசியில் ஒழுகும். அடித்து முடித்த பரப்பை நனைத்த சாக்கால் மூடி பத்து நாளாவது ஈரம் காக்க வேண்டும்; பங்குனி வெயிலில் மூடாமல் விட்ட கூரை மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும்.

சட்டங்கள் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் செருகிய முனையில்தான் மக்கும், காற்றுப் படாததால். புதுச் சட்டம் ஏற்றும்போது முனையைச் சுற்றி அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும், காரை வைத்து அடைக்கக் கூடாது. கட்டடத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவும் கூடாது. வேரோடு செங்கலும் வரும். அடியோடு வெட்டி, வேர் உள்ளேயே செத்துக் காய்ந்தபின் தோண்டியெடுத்து ஓட்டையைக் காரையால் அடைப்பதே முறை. மழைக்கு முன் தண்ணீர்த் தூம்பைத் துப்புரவு செய்வதற்குச் செலவே கிடையாது. பாதி ஒழுகல் அதிலேயே நிற்கும்.

களத்தில் தொட்டி ஒவ்வொன்றும் 6 அடிக்கு 4 அடி, ஆழம் 3 அடி. சுட்ட சுண்ணாம்பை நீற்றிச் சல்லடையில் வடித்து இறக்கி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி விட்டுவைப்போம். நீறாத துகள் ஒன்று தப்பினாலும் பூசியபின் சுவரில் பொரிந்து குழி விழும். குறைந்தது பதினைந்து நாள் ஊறல் அதற்காகத்தான். ஒரு தொட்டி ஊறும்போது மற்றதிலிருந்து எடுக்கலாம். அரவையில் அரைத்த காரைக்கும் மண்வெட்டியால் கலந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொத்தனார் கரண்டியில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்.

பணமாகத் தருவோர் கவனத்துக்கு: முதலில் தொட்டிகள், அடுத்து எந்திரம், பிறகு செங்கல். இந்த வரிசையிலேயே செலவிடுவோம், ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடமாட்டோம். விலைப்பட்டியல்கள் சபை அலுவலகங்களில் பார்வைக்கு இருக்கும். கணக்கு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

பொருளாகத் தருவோர் இடித்த வீட்டின் பழந்தேக்கு (13 அடிக்குக் குறையாமல், கரையான் பிடிக்காமல்), உடையாத தட்டோடு, கடுக்காய், வெல்லம், சாக்கு எதையும் தரலாம். பழந்தேக்கு புது மரத்தைவிட மேல், முறுக்கேறாது. ஏற்றிவர வண்டி அனுப்புவோம்.

சிமெண்ட் மூட்டை, பெயின்ட், கிரானைட் பலகை தயவுசெய்து வேண்டாம். கொடுப்போர் மனத்தை நோகடிக்கச் சொல்லவில்லை. வாங்கிவைத்தால் யாராவது பூசிவிடுவார்கள்.

கை உழைப்பும் தேவை. கூரை அடிக்கப் பத்துப் பேர் வரிசையாக உட்கார வேண்டும், எந்த ஊரார், எந்தச் சமயத்தார் ஆனாலும் வரலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனார்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவித்தால் அதுவும் நன்கொடைதான். இளைஞர்களுக்குக் கற்றுத்தர அவர்களுக்கு நாட்கூலி கொடுப்போம். வடகிழக்குப் பருவமழை விட்டதும் தை மாதம் வேலை தொடங்க வேண்டும். அதற்குள் சுண்ணாம்பு ஊறியிருக்க வேண்டுமானால், தொட்டிக்கான பணம் ஐப்பசிக்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பழைய ஆலயங்கள் பழுதுபார்ப்புக் குழுவினர்