ஆண்டறிக்கை: நடிகர் மாறினால் பாத்திரம் என்ன ஆகிறது?

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, நம் அறிவியல் புனைகதைத் தொடர் ரசிகர் சங்கத்தின் இந்த ஆண்டுக் கூட்டங்கள் எல்லாம் ஒரே பொருளில் நடந்தன. ஒரு நடிகர் விலகினால் அவர் ஏற்ற பாத்திரமும் உடன் நடித்தவர்களின் பாத்திரங்களும் என்ன ஆகின்றன என்பதே அது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்திலிருந்து இரவல் போன டிவிடிகள் சில இன்னும் திரும்பவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியும்.

முதல் கூட்டத்துக்கு 'டாக்டர் ஹூ'. எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள், நாமும் தொடங்கினோம். 1966-இல், டாக்டர் என்னும் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நிலை மோசமானதும், டாக்டருக்கு உடலே மாறிவிடும் என்று கதையில் எழுதி பேட்ரிக் ட்ரவுட்டனைக் கொண்டுவந்தார்கள். கண்டிப்பான கிழவர் இருந்த இடத்தில், கோமாளித்தனத்துக்குள் தந்திரத்தை ஒளித்துவைத்த ஒரு நாடோடி வந்து நின்றார். ட்ரவுட்டன் அன்று ஹார்ட்னலைப் பார்த்து நடித்திருந்தால், பின்னால் வந்த டாக்டர்கள் எல்லோரும் அதே அச்சில் வார்க்கப்பட்டிருப்பார்கள் என்பது என் கட்சி. துணைத் தலைவர் இதை ஏற்கவில்லை. அவருக்கு இன்றுவரை ஹார்ட்னல்தான் டாக்டர்.

'ப்ளேக்ஸ் 7' தொடரில் ப்ளேக்காக நடித்த கேரத் தாமஸ் இரண்டாம் சீசனோடு விலக, தலைப்பில் ப்ளேக் இருக்க கதையை ஆவன் என்ற இன்னொரு பாத்திரம் நடத்திப்போனது. இதை அதிகம் பேசவில்லை; அன்று கூட்டமும் குறைவு.

ஆண்டிலேயே சூடான விவாதம் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையைப் பற்றியது. 1964-இல் படமாக்கிய முதல் மாதிரி எபிசோடில் விண்கலத்தின் கேப்டன் பைக்காக ஜெஃப்ரி ஹன்டர் இருந்தார். அவருக்கு அடுத்த நிலை அதிகாரி மேஜல் பாரெட் நடித்த ஒரு பெண். முகத்தில் சலனமே காட்டாதவள். அதில் வேற்றுக்கிரக அதிகாரியான ஸ்போக் ஒரு செடியைத் தொட்டுப் பார்த்து முகம் மலரப் புன்னகைப்பார்! இரண்டாம் மாதிரி எபிசோடில் ஹன்டரும் இல்லை, அந்தப் பெண் பாத்திரமும் இல்லை. அவளுடைய தர்க்கமும் குளிர்ந்த சுபாவமும் ஸ்போக்குக்கு வந்து சேர்ந்தன. ஸ்போக்காக நடித்தவர் இரண்டிலும் லெனார்ட் நிமாய்தான். தன் இடத்தில் அப்படியே இருந்த நடிகரின் பாத்திரம், வேறொருவர் போனதால் உருவானது.

அதே வரிசையின் 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னிலும் இதே கதை. தன் பாத்திரத்துக்கு வளர்ச்சி இல்லை என்று டெனிஸ் கிராஸ்பி முதல் சீசன் முடியுமுன்பே விலகினார். 1988-இல் அவர் நடித்த பாதுகாப்பு அதிகாரி டாஷா செத்துப்போனாள். அதுவரை கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் என்ன வேலை என்று தெரியாமல் நின்றிருந்த வோர்ஃப் அவள் இடத்தில் பாதுகாப்பு அதிகாரியானார். டாஷா உயிரோடு இருந்திருந்தால் வோர்ஃபை இத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமா, சந்தேகம்தான்.

அதே வரிசையின் 'டீப் ஸ்பேஸ் நை'னில் டெர்ரி ஃபாரெல் 1998-இல் விலகியதும் அவர் நடித்த ஜாட்ஸியா கொல்லப்பட, அவளுக்குள் வாழ்ந்த டாக்ஸ் என்னும் உயிர் எஸ்ரி என்ற இளம்பெண்ணுக்குப் போனது. நிக்கோல் டி போயர் நடித்தார். இதற்கென எந்தப் பயிற்சியும் இல்லாத எஸ்ரிக்குள் முன்பு வாழ்ந்தவர்களின் நினைவுகள் எல்லாம் குவிந்துவிட்டன. ஜாட்ஸியாவைக் கட்டியிருந்த அதே வோர்ஃப், மனைவியின் நினைவுகளோடு வேறு முகம் எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வார்? "ஆளை மாத்தினா பேரையும் மாத்திடணும், அதான் நேர்மை" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். ஜாட்ஸியா டாக்ஸ் போய் எஸ்ரி டாக்ஸ் வந்தாள், இங்கே பாதிப் பெயர் மாறியது, பாதி மாறவில்லை என்று பதில் வந்தது. அப்புறம் யாரும் வீட்டுக்குப் போவதாக இல்லை.

கடைசிக் கூட்டம் 'பாபிலோன் 5'. முதல் சீசனின் தளபதி சின்க்ளேராக நடித்த மைக்கேல் ஓ'ஹேர் மனநோயால் அவதிப்பட்டார் என்பதை, 2012-இல் அவர் இறந்த பிறகே தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி வெளியிட்டார். இரண்டாம் சீசனுக்கு ப்ரூஸ் பாக்ஸ்லைட்னர் ஷெரிடனாக வந்தார். சின்க்ளேர், மின்பாரிகள் என்னும் வேற்றுக்கிரக இனத்தார் விரும்பி ஏற்றவர். ஷெரிடனோ போரில் அவர்களின் தலைமைக் கப்பலை அழித்தவர், அவர்கள் வெறுத்தவர். இதனால் மின்பாரிப் பெண்ணான டெலெனின் பாத்திரத்துக்கும் கனம் கூடியது. ஓ'ஹேர் 1996-இல் திரும்பி வந்து, சின்க்ளேரின் கதையை ஆயிரம் ஆண்டு பின்னால் கொண்டுபோய் முடித்தார். நடிகர் விலகியதால் விழுந்த ஓட்டை என்று தெரியாத அளவுக்கு அடைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டுக்குத் தலைகீழான பொருளைச் செயற்குழு முன்மொழிகிறது: ஒரே நடிகர், பல பாத்திரங்கள். டாட்டியானா மஸ்லானி பல குளோன்களாக நடித்த 'ஆர்ஃபன் பிளாக்'கில் தொடங்கலாம் என்பது யோசனை. டிவிடிகள் திரும்பி வந்த பிறகு தேதி அறிவிக்கப்படும். அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்