சேலையைப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் புதிதாக வந்திருக்கும் பெரிய ஜவுளிக் கடைகளின் உள்ளமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் 34 வருடம் சேலைப் பிரிவில் நின்றவன் நான். கட்டுரை பாராட்டியிருக்கும் பலவற்றை நானும் மனதாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு சேலையிலும் விலைச் சீட்டு, வயதானவர்களுக்கு லிஃப்ட், பெண்களுக்குக் கழிப்பறை, குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் அறை, இதெல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தெற்கு மாசி வீதி நெரிசலில் கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விளக்கு அலங்காரத்தைப் புகழ்ந்த பத்தியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வெளிச்சத்தில் சேலையின் சொந்த நிறம் தெரிவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே முதலாளி சொல்லிக்கொடுத்தது இது: முகூர்த்தச் சேலை எடுக்க வந்தவர்களை வாசலுக்குக் கூட்டிப் போகாமல் பில் போடாதே. மெத்தையில் உட்கார்ந்து ஐம்பது சேலையைப் பிரித்துப் பார்த்து, கடைசியில் மூன்றை ஒதுக்குவார்கள். அந்த மூன்றையும் நாங்கள் வாசலுக்குக் கொண்டுபோய், முந்தியை முழங்கை மேல் போட்டு, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவோம். மயில்கழுத்து என்றால் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். திருப்பினால்தான் நீலம் எங்கே, பச்சை எங்கே என்று தெரியும். நம் ஊரில் பிறந்த பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலத்தை உள்ளே வைத்துப் பார்த்தால் சாதாரணக் கருநீலம் போலத்தான் இருக்கும். சாயங்காலம் வந்தவர்கள், "காலையில வந்து வெளிச்சத்துல பார்த்து எடுத்துக்கிறோம்" என்று சொல்வார்கள். சரி என்று கட்டி ஓரமாக எடுத்து வைப்போம்.

சுங்குடிக்கும் இது பொருந்தும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சேலையில் புள்ளி விழுந்த இடம் லேசாகச் சுருங்கி மேடு தட்டியிருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் அந்த மேடு கண்ணுக்குத் தெரியும். உச்சியிலிருந்து ஒரே சீராகக் கொட்டும் விளக்கில் கைமுடிச்சும் அச்சடித்த புள்ளியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியை மதுரைக் கடையிலேயே இனம்பிரிக்க முடியாமல் போவது எனக்குப் பெரிய வேதனை.

இப்போது சேலைப் பிரிவு மூன்றாம் மாடியிலோ நான்காம் மாடியிலோ இருக்கிறது. சுவர் முழுக்க ராக், ஒரு ஜன்னல் கிடையாது. பில் போடாத சேலையை வாசலுக்குக் கொண்டுபோகவும் முடியாது. போன தை மாதம் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு பெரிய கடையில் அரக்குச் சேலை எடுத்தோம். கடையில் காவி கலந்த பழுப்பாக அடக்கமாகத் தெரிந்தது. முகூர்த்தத்தன்று காலையில் மண்டப வாசலில் பார்த்தால் குங்குமச் சிவப்பாக ஜொலிக்கிறது. ஜாக்கெட்டுக்கு எடுத்து வேலைப்பாடு செய்திருந்த தனித் துணியோடு ஒட்டவே இல்லை. அந்தப் பிள்ளையின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. சேலையைக் காட்டிய பையன் மேல் தப்பில்லை. அவனும் அதே விளக்கில்தான் பார்த்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று விளக்கு வேலை எடுத்துச் செய்யும் உறவுக்காரப் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது நீல ஒளி. அதன் மேல் பூசிய பொருள்தான் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றி வெள்ளையாகக் காட்டுகிறது. அதனால் மலிவான விளக்கில் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவே இருக்கும். ஒரு விளக்கு நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு. பகல் வெளிச்சத்துக்கு 100. சாதாரண விளக்குகளில் 80 என்று போட்டிருப்பார்கள். அந்த 80 வெளிர் நிறங்கள் எட்டை வைத்து எடுத்த சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, அதை ஆர்9 என்று தனியாக அளக்க வேண்டும். 80 போட்ட விளக்குக்கு ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். அரக்கு, குங்குமம், மாதுளை என்று நம் கல்யாணச் சேலைகள் எல்லாம் அந்தச் சிவப்பில்தானே இருக்கின்றன!

அப்புறம் வெளிச்சத்தின் மஞ்சள் தன்மை. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 3000 கெல்வின் அளவில் விளக்குப் போட்டால் ஜரிகை பொன்னாக மின்னும். 6500-க்குப் போனால் வெள்ளியும் நீலமும் எடுப்பாகத் தெரியும். இதைத் தெரிந்துதான் வைக்கிறார்கள். சரக்கை அழகாகக் காட்டுவது வியாபாரத்தில் ஒரு கலை, அதை நான் குறை சொல்லவில்லை. நானே எத்தனையோ பொம்மைகளுக்கு மடிப்பு எடுத்துச் சேலை கட்டியிருக்கிறேன். பொம்மை மேல் ஸ்பாட் லைட் தாராளமாகப் போடட்டும். வாங்குபவர் கையில் சேலை வந்த பிறகாவது அதன் சொந்த நிறம் தெரிய வேண்டாமா?

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் துணியை ஒரு பெட்டிக்குள் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டு நிறம் பார்க்கிறார்கள். டி65 என்பது பகல் வெளிச்சம், டி.எல்.84 கடை விளக்கு, ஏ என்பது பழைய குண்டு பல்பு. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணி இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும் என்பதால்தான் இத்தனை சோதனை. வெளிநாட்டுக்குப் போகும் பனியனை மூன்று வெளிச்சத்தில் பார்க்கிறோம். ஒரு பெண் ஆயுள் முழுக்கப் பாதுகாக்கும் சேலையை ஒரே வெளிச்சத்தில் பார்த்து எடுக்கச் சொல்கிறோம்.

கடை முதலாளிகளிடமும் கடையை வடிவமைப்பவர்களிடமும் நான் கேட்பது ஒரு மூலை. சேலைப் பிரிவு இருக்கும் மாடியில் எட்டுக்கு எட்டு அடி போதும். கட்டடம் வரைபடமாக இருக்கும்போதே என்றால் அங்கே வடக்கு பார்த்து ஒரு பெரிய ஜன்னல் வையுங்கள். நம் ஊரில் சித்திரையிலிருந்து ஆடி வரை உச்சி வெயில் வடக்கே சாயும் என்பதால் மேலே ஒரு சன்ஷேடும் வேண்டும். ஜன்னலுக்கு வழியில்லை என்றால் சி.ஆர்.ஐ. 95-க்குக் குறையாத, ஆர்9 அதிகமுள்ள பகல் வெளிச்ச விளக்குகள் நாலைந்து போடுங்கள். பக்கத்திலேயே ஒரு மஞ்சள் விளக்குக்கும் சுவிட்ச் இருக்கட்டும், மண்டபத்தில் எப்படி இருக்கும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆளுயரக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் விளக்கு வேண்டும். உச்சந்தலையில் மட்டும் விளக்கு இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எந்த நிறமும் பொருந்தாத மாதிரி தெரியும்.

அந்த மூலை வரும்வரை, கேட்கிறவர்களோடு ஒரு பணியாளரை அனுப்பி, பில் போடுவதற்கு முன்னால் சேலையை வாசல்வரை கொண்டுபோய்ப் பார்க்க விடுங்கள். வாங்குபவர்களும் தயங்காமல் கேளுங்கள். செல்போனில் படம் எடுத்துப் பார்த்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். முகூர்த்தச் சேலை எடுக்கக் காலையிலேயே போங்கள், ஜாக்கெட் துணியையும் கையோடு கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக் கடை விற்பனையாளர்,
பழங்காநத்தம், மதுரை.