பெரிய டர்போ வேண்டாம், மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை நடக்கிறார்களா? நான் கேட்டதாகச் சொல். இங்கே டென்வரில் எல்லோரும் நலம். மூத்தவள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அவள் தட்டையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறாள் என் மனைவி.

சரி, உன் டிரக்குக்கு வருகிறேன். வண்டியில் இழுவை இல்லை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவை மாற்றலாமா, 66 மில்லிமீட்டர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. என்னிடம் இருப்பதும் உன்னுடையதைப் போலவே 2006 ராம் 2500, 5.9 லிட்டர் கம்மின்ஸ், ஆட்டோமேட்டிக். நீ வாங்க நினைக்கிற அதே அளவு டர்போவை மாட்டி ஒரு வருஷம் ஓட்டியவன் நான். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கம்பெனியிலிருந்து நம் வண்டியில் வந்தது ஹோல்செட் எச்இ351சிடபிள்யூ டர்போ. 325 குதிரைசக்திக்கு அது நல்ல ஜோடி. அப்புறம் இங்கே ஒரு பட்டறையில் இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி ட்யூன் போட்டுக் கொடுத்தார்கள். கூட டீசல் போகிறது, அதற்கேற்ற காற்று வேண்டும், 66 போட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார்கள். நானும் நம்பினேன். காலி வண்டியில் ஹைவேயில் மிதித்தால் பறந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஜூலையில் கேம்பரை, அதாவது பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீட்டை, கட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். 9,000 பவுண்டு, அதாவது நாலு டன்னுக்கு மேல். ஐ-70 ஹைவேயில் ஜார்ஜ்டவுனிலிருந்து சில்வர் ப்ளூம் போகிற ஏற்றம் உனக்கு நினைவிருக்கும், பாறையை ஒட்டியே ஏறும். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. வேகம் குறைந்து இன்ஜின் 1,700 சுற்றுக்கு இறங்கியது. மறுபடி மிதித்தேன். டீசல் உடனே போய்விட்டது, காற்று வரவில்லை. டர்போவின் அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்ற அந்தச் சுற்றில் வருகிற எக்ஸாஸ்ட் புகை போதவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டுகிற பைரோமீட்டர் முள் 1,250ஐத் தாண்டி, 1,350ஐத் தாண்டி, 1,450 ஃபாரன்ஹீட்டில் போய் நின்றது. என் மனைவி மீட்டரைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கில் வெளுத்துப்போன என் விரல்களைப் பார்த்துத்தான் "என்னங்க ஆச்சு?" என்றாள். கியரைக் குறைத்து, காலைத் தளர்த்தி, 35 மைல் வேகத்தில் ஓரமாகவே ஏறினேன். முள் இறங்கியது. ஆனால் அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நம் இன்ஜினில் பிஸ்டன் அலுமினியம். கீழிருந்து ஆயில் பீய்ச்சி அதைக் குளிர்விப்பதால்தான் அந்தச் சூட்டில் பிழைத்துக் கிடக்கிறது. பாரம் இழுக்கும்போது டர்போவுக்கு முன்னால் 1,250 ஃபாரன்ஹீட்டுக்குள் வைத்துக்கொள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது அதற்குத்தான்.

அப்படியானால் பழைய டர்போவே போதுமே என்பாய். நீ ஹூஸ்டனில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வருஷா வருஷம் கேம்பரோடு இந்தப் பக்கம் வருகிறாய். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது 14.7 பிஎஸ்ஐ. மீட்டரில் 30 பூஸ்ட், அதாவது வெளியழுத்தத்துக்கு மேல் 30 பிஎஸ்ஐ, காட்டினால் டர்போ காற்றை மூன்று மடங்காக அழுத்துகிறது என்று அர்த்தம். அதே ஐ-70இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே வெளியழுத்தம் பத்துக்கும் கீழே. அதே 30ஐக் காட்ட நாலு மடங்கு அழுத்த வேண்டும். மீட்டரில் ஒரு மாற்றமும் தெரியாது, உள்ளே டர்போவின் ஷாஃப்ட் மட்டும் எல்லை மீறிச் சுற்றும். ட்யூன் போட்ட வண்டியில் சின்ன டர்போ சாவது இப்படித்தான். பெரியது வேகம் பிடித்து எழும்பாது, சின்னது எழும்பி எழும்பியே தேய்ந்துபோகும்.

அதனால் கொஞ்சமே பெரியதாகப் போ. போர்க்வார்னர் எஸ்300 வகையில் காற்றை இழுக்கிற பக்கம் 62 அல்லது 63 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் சுழற்றுகிற டர்பைன் பக்கம் 68. எக்ஸாஸ்ட் ஹவுசிங்கின் அளவைச் சொல்கிற ஏ/ஆர் எண் 0.80க்கு மேல் வேண்டாம். ஹவுசிங் சின்னதாக இருந்தால் சீக்கிரம் எழும்பும், ஆனால் மேல் சுற்றில் எக்ஸாஸ்ட் வெளியேற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். 66க்கும் 62க்கும் நாலு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதே, வாய்ப் பரப்பில் அது 13 சதவீதம். நான் இப்போது 62 போட்டிருக்கிறேன். அதே ஏற்றம், அதே கேம்பர், போன வருஷம் முள் 1,200 பக்கத்திலேயே நின்றது. உச்ச குதிரைசக்தி குறைந்ததுதான், பாரத்தோடு ஏறும்போது அது எனக்கு எதற்கு? வாங்கும்போது ஃபிளாஞ்சை, அதாவது டர்போ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உட்காருகிற முகத்தின் அளவை, பார், நம் மேனிஃபோல்ட் டி3. டி4 வாங்கினால் மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டிவரும்.

ஆனால் காசை எடுப்பதற்கு முன்னால் இருப்பதைச் சோதித்துவிடு. வண்டி ஆறினதும் காற்றுக் குழாயைக் கழற்றி, கம்ப்ரசர் சக்கரத்தின் நட்டை ரெண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார். பக்கவாட்டில் லேசாக ஆடலாம், தப்பில்லை. முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவுக்கு ஆடினால், ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது. இறகுகளின் முனையைத் தடவிப் பார், மழுங்கியிருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசு போயிருக்கிறது. அழுத்தின காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ரப்பர் இணைப்புகளையும் (பூட்டு) பார். உன் வண்டியில் "இழுவை இல்லை" என்பதற்குக் காரணம் ஒரு கிழிந்த பூட்டாகவே இருக்கலாம். நாமக்கல்லில் உங்கள் அப்பா பட்டறையில், புது சாமான் வாங்குவதற்கு முன்னால் பழையதைக் கழுவிப் பார்க்கச் சொல்வாரே, எனக்கு இன்னும் அவர் குரல் கேட்கிறது.

இன்னொன்று, உன் 48ஆர்இ கியர்பாக்ஸ். கூடுதல் இழுவை வந்தால் முதலில் வழுக்குவது, இன்ஜின் இழுவையை அதற்குக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டர்தான். டர்போவுக்கு ஒதுக்கின பணத்தில் ஒரு பங்கை அதற்கு வைத்துக்கொள். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சட்டப்படி தப்பு, அதுபோக அந்தப் புகையை நம் பின்னால் வருகிறவர்கள்தான் சுவாசிக்கிறார்கள்.

புது டர்போ மாட்டும் அன்று ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய். ஏற்றம் ஏறி வந்து உடனே ஆஃப் செய்யாதே. ஓரிரு நிமிஷம் ஐடிலில் விடு, இல்லையென்றால் உள்ளே நின்றுபோன ஆயில் கரியாகிவிடும்.

இப்போதைக்கு பைரோமீட்டர் மட்டும் வாங்கி, டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் மாட்டு. ஒரு மாசம் கேம்பரைக் கட்டி ஓட்டி, எந்தச் சுற்றில் முள் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு 62ஆ 63ஆ என்று சொல்கிறேன். ஜூனில் வந்தால் என் கராஜிலேயே மாட்டிவிடலாம், ஜாக்கும் டார்க் ரெஞ்சும் என்னிடம் இருக்கின்றன. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்