கம்பம், குமுளிப் பக்கம் இருதய முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாம் அமைப்பாளர்களுக்கு, வணக்கம்.

விடியுமுன் ஜீப் ஏறி கம்பம்மெட்டும் குமுளியும் கடந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் சனங்கள்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை முகாம்களில் வரிசையில் நிற்கிறார்கள். விரலில் கிளிப் மாட்டி, ஒரே நிமிடம் துடிப்பைப் பதிந்து, துடிப்புகளின் இடைவெளி ஏறி இறங்குவது குறைவு என்பதை வைத்தே 'ரத்தக்குழாய் சுவர் தடித்துவிட்டது' என்று அச்சடித்த சீட்டை அவர்கள் கையில் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

சுவர்த் தடிப்புக்கும் துடிப்பின் ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாய் இரண்டாகப் பிரியும் இடம் சற்றுப் புடைத்திருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தச் சுவர் விரியும்போது அதிலுள்ள நரம்பு நுனிகள் இழுபட்டு மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் சேதி அனுப்புகின்றன. முகுளம், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு வழியே அடுத்த துடிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. சுவர் தடித்து விறைத்தால் இழுவை குறையும், சேதி மங்கும், துடிப்புகளின் இடைவெளி ஏறி இறங்குவதும் சுருங்கும். எதிர்த்திசையிலும் இது நடக்கலாம். வேகஸின் பிடி தளர்ந்தால் பிரஷர் ஏறிச் சுவரின் சுமை கூடும். வயதும் பீடியும் சர்க்கரையும் இரண்டையும் கெடுப்பவை. அதிலும் நாள்பட்ட சர்க்கரை நோய் வேகஸ் நரம்பை நேரடியாகவே அரிக்கும்; சுவர் நன்றாக இருப்பவருக்கும் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் எண் சரிந்துபோகும். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் தொடர்பை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மேல் தீர்ப்பாக எழுதக்கூடாது.

அளக்கும் முறைக்கு வருவோம். 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து வகுத்த நெறி, குறுகிய பதிவுக்கு 5 நிமிடம் என்கிறது. இடைவெளிகளின் மொத்த மாறுபாட்டைச் சொல்லும் எஸ்.டி.என்.என். என்ற எண் பதிவு நீள நீளக் கூடும். ஒரு நிமிட எண்ணை 24 மணி நேரப் பதிவுக்கான இயல்பளவுப் பட்டியலோடு ஒப்பிட்டால் எல்லாரும் நோயாளிதான்.

இதைவிட மோசமான பிழை ஒன்று இருக்கிறது. துடிப்பு இடைவெளி 800, 810, 795, 805, 800 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தைக் காட்டும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற எண் சுமார் 11 வரும். மிகக் குறைவு, கவனிக்க வேண்டியவர். அதே ஆளுக்கு நடுவில் ஒரு துடிப்பு முந்தி விழுந்து 800, 810, 520, 1090, 800 என்றானால் எண் 351-க்குத் தாவும். கருவி 'மிக நன்று' என்று பச்சை விளக்கு காட்டும். இ.சி.ஜி. கோட்டை ஒருவர் கண்ணால் பார்த்து அந்தத் துடிப்பை நீக்கியாக வேண்டும். விரல் கிளிப்பில் அந்தக் கோடே கிடையாது. குளிரில் விறைத்த விரலில் அலையும் சரியாக விழாது. பிரஷருக்கு மெட்டோப்ரோலால், அட்டெனலால் சாப்பிடுபவருக்கு எண் கூடலாம். மாத்திரைப் பெயரைக் கேட்டு எழுதாத சீட்டு எதற்கும் உதவாது.

சுவர்த் தடிப்பை அறிய வேண்டுமானால் அதையே அளக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 7 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத லீனியர் புரோப் (தோலில் வைக்கும் முனை), பொதுக் கரோட்டிடின் (இரண்டாகப் பிரியுமுன் உள்ள குழாயின்) புடைப்புக்குக் கீழே 1 செ.மீ. நீளம், புரோபுக்கு எதிர்ப்பக்கச் சுவர். புரோப் சாய்ந்தால் சுவர் தடித்ததாகவே தெரியும். கிட்டத்துச் சுவரோ கெயினை (படத்தின் வெளிச்சத்தை) கூட்டினால் தானே தடிக்கும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைப் பேசும் அளவு இது. இவ்வளவு கவனமாக எடுத்தாலும், நோய் அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றே 2013 அமெரிக்க வழிகாட்டி சொன்னது. 1.5 மி.மீ. தாண்டிய கொழுப்புப் படிவு கண்ணில் பட்டால் அது வேறு. அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உங்களிடம் இ.சி.ஜி. இருக்கிறது. சர்க்கரை உள்ளவரை 5 நிமிடம் படுக்க வைத்து, 5 நொடி இழுத்து 5 நொடி விட்டு, ஒரு நிமிடத்தில் 6 மூச்சு விடச் சொல்லுங்கள். மூச்சுக்கு மூச்சு உச்சத் துடிப்புக்கும் அடித்துடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரி நிமிடத்துக்கு 15 துடிப்புக்கு மேல் இருந்தால் சரி. 10-க்குக் கீழே போனால், வயதையும் கணக்கில் வைத்து, நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்க வைத்து 3 நிமிடத்துக்குள் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் வேலை செய்பவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமல்ல.

இன்னொன்று, சீட்டைத் தமிழிலும் மலையாளத்திலும் அடியுங்கள். குமுளியில் வாங்கிய சீட்டைக் கூடலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டும்போது பிரஷர், சுகர், மாத்திரை, இ.சி.ஜி. கோடு நான்கும் அதில் இருக்கட்டும். வீடு தேடி மாத்திரை வரும் திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் இருந்தாலும், விடியுமுன் ஜீப் ஏறியவர் வீட்டில் இருக்கமாட்டார். அவர் கையில் கிடைப்பது உங்கள் முகாம் மட்டும்தான். ஆளுக்கு 5 நிமிடம் படுக்க இடமில்லையென்றால் கிளிப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, முதுகு சாய உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி, பிரஷரை இரண்டு முறை பாருங்கள்.

இப்படிக்கு,
இ.சி.ஜி., ஸ்கேன் டெக்னீஷியன்கள் சிலர்,
கம்பம் பள்ளத்தாக்கு