ஞாயிறு வாக்: கெர்பாவ் ரோடு

மக்களே, ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல கூடுறோம். லேட் பண்ணாதீங்க, 10 மணிக்கு மேல வெயில் தாங்காது. இந்த தடவ டாபிக் பழைய கட்டடங்களுக்கு யூஆர்ஏ (சிங்கப்பூர் நகர மறுசீரமைப்பு ஆணையம்) குடுக்குற ஹெரிட்டேஜ் அவார்டு, 1995ல இருந்து குடுக்குறாங்க. சும்மா பெயிண்ட் அடிச்சி பளபளன்னு வச்சா கிடைக்காது, முடிஞ்ச வரைக்கும் பழச அப்படியே காப்பாத்தணும், ரிப்பேரும் பாத்துப் பதமா பண்ணணும், அதான் ரூல். நம்ம ஏரியா 1989லயே கன்சர்வேஷன் லிஸ்ட்ல, அதாவது இடிக்காம பாதுகாக்க வேண்டிய இடங்கள் லிஸ்ட்ல வந்துடுச்சி, அதனாலதான் அந்த அஞ்சடியும் (கடை முன்னாடி கூரை போட்ட நடைபாதை) மர ஜன்னலும் இன்னும் நிக்குது.

முதல் ஸ்டாப் 37ம் நம்பர் டான் டெங் நியா வீடு, 1900ல மிட்டாய் வியாபாரி ஒருத்தர் கட்டினது. எல்லாரும் கலர் சுவர் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு ஓடிடுறாங்க, நீங்க வாசல் மேல தொங்குற சீன எழுத்துப் பலகைய அண்ணாந்து பாருங்க, பச்சைக் கூரை ஓடுகளையும் பாருங்க. கெர்பாவ்னா மலாய்ல எருமை, அந்தக் காலத்துல இங்க மாட்டுக் கொட்டகைதான்!

தண்ணி பாட்டில், குடை எடுத்துட்டு வாங்க. வர்றவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள தம்ஸ் அப் போடுங்க, முடிச்சிட்டு தேக்கா மார்க்கெட்ல பசியாறலாம்.