அந்தப் பஞ்சை எடுத்து வைத்துவிடு

அன்புத் தங்கைக்கு,

நேற்றிரவு தொலைபேசியில் நீ அழுத குரல் இன்னும் காதில் இருக்கிறது. "தாய்ப்பாலில் பாக்டீரியா இருக்கிறதாமே அக்கா, இத்தனை நாளும் குழந்தைக்குக் கிருமியையா ஊட்டிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டாய். ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்னும் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் மார்பைத் துடைக்கிறாய் என்றும், காம்பு வெடித்து எரிகிறது என்றும் சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குழந்தை சிணுங்கிவிட்டது, நீ வைத்துவிட்டாய். பாதியில் நின்ற அந்தப் பதிலை எழுதுகிறேன். இதே பயம் வேறு தாய்மார்களுக்கும் இருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். பாலில் பாக்டீரியா இருக்கிறது. நாளொன்றுக்கு 800 மில்லிலிட்டர் பால் குடிக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் அதனுடன் சேர்ந்து ஒரு லட்சம் முதல் ஒரு கோடி பாக்டீரியா வரை போகின்றன. ஆனால் அவை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல. பெரும்பாலும் உன்னுடையவை. உன் உடலோடு பழகி, உன் உடல் பழக்கி வைத்திருக்கும் உயிர்கள்.

நுண்ணுயிரியல் பாடம் நடத்தும் நானே மாணவியாக இருந்த காலத்தில், ஆரோக்கியமான தாயின் பாலில் கிருமியே இராது என்றுதான் படித்தேன். பாலில் ஏதாவது வளர்ந்தால் சேகரித்தவர் கை சுத்தமில்லை என்று சொல்லி கிருமி வளர்த்துப் பார்க்கும் அந்தச் சோதனைத் தட்டைத் தூக்கிப்போடுவார்கள். 2003இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் தாய்ப்பாலிலிருந்தே லாக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, குழந்தையின் குடலுக்கு அவை போய்ச் சேரும் வழிகளில் பாலும் ஒன்று என்று எழுதினார்கள். அதன் பிறகுதான் பார்வை மாறத் தொடங்கியது.

நான் வகுப்பில் மறக்காமல் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஏழு தாய்-சேய் இணைகளை எடுத்துக்கொண்டார்கள். தாயின் மலம், தாயின் பால், குழந்தையின் மலம் மூன்றையும் பரிசோதித்தார்கள். 2014இல் அது அச்சில் வந்தது. காற்றுப் பட்டால் தாங்காத, குடலுக்குள் மட்டுமே வாழப் பழகிய பல பாக்டீரியா இனங்களின் தடயம் மூன்றிலுமே இருந்தது. அதைவிட என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது வேறொன்று. ஓர் இணையில், பிஃபிடோபாக்டீரியம் பிரீவி என்ற பாக்டீரியாவின் ஒரே கால்வழி, உயிரோடு, மூன்று இடங்களிலும் கிடைத்தது. ஒரே இனம் என்பது வேறு, ஒரே கால்வழி என்பது வேறு. ஊரில் ஒரே பெயருடைய பலர் இருக்கலாம். ஒரே கைரேகை உடையவர் ஒருவர்தான். அந்தக் கைரேகை தாயின் குடலிலும் இருந்தது, பாலிலும் இருந்தது, குழந்தையின் குடலிலும் இருந்தது. ஏழில் ஓர் இணை என்பது சின்ன எண்தான். ஆனாலும் ஒரு தாயின் குடலில் வாழும் உயிர் அவள் பாலிலும் உயிரோடு இருக்க முடியும் என்று காட்ட அந்த ஒன்று போதும்.

குடல் எங்கே, மார்பு எங்கே என்று நீ கேட்பாய். மாணவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான் அது. இதில் பாதி நன்றாக நிறுவப்பட்டது: தாயின் குடலில் கிருமிகளோடு பழகிப் பயிற்சி பெற்ற நோய் எதிர்ப்பு அணுக்கள், நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் பால் சுரப்பிகளுக்கு வந்து தங்குகின்றன. உன் குடல் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான புரதங்களை அங்கிருந்தபடி பாலில் கலக்கின்றன. மறுபாதி, அப்படிப் பயணம் செய்யும் அணுக்களில் சில, குடலிலிருந்து உயிருள்ள பாக்டீரியாக்களையும் சுமந்து வருகின்றன என்ற கருத்து. அதற்கு ஆதாரங்கள் சேர்ந்து வருகின்றன, விவாதமும் நடந்துகொண்டிருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. குழந்தை சப்பிக் குடிக்கும்போது பால் ஒரே திசையில் மட்டும் ஓடுவதில்லை. சுரப்பின் வேகம் அடங்கும் தறுவாயில் நாளங்களில் இருக்கும் பால் கொஞ்சம் உள்நோக்கித் திரும்புவதை அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் வாயிலிருப்பவையும் அதனோடு உன் மார்புக்குள் போக வழியிருக்கிறது. அவள் உன்னிடமிருந்து வாங்கிக்கொள்வதைப் போலவே உனக்கும் கொடுக்கிறாள்.

இப்போது அந்தப் பஞ்சுக்கு வருகிறேன். 107 தாய்-சேய் இணைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பெரும்பாலும் தாய்ப்பாலே குடித்த குழந்தைகளின் குடலில், முதல் மாதத்தில் இருந்த பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பாலிலிருந்து வந்தவை என்று கணக்கிட்டார்கள். இன்னொரு 10 சதவீதம் எங்கிருந்து தெரியுமா? காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்து. நீ தேய்த்துத் தேய்த்துத் துடைக்கும் அதே இடம். அந்தக் கருவட்டத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிபவை எண்ணெய்ச் சுரப்பிகள். தோல் வறண்டு வெடிக்காமல் காப்பது அவற்றின் வேலை. கிருமிநாசினி அந்த எண்ணெயை எடுத்துவிடுகிறது, தோல் வெடிக்கிறது, உனக்கு வலிக்கிறது, வலியால் பால் கொடுக்கவே பயம் வருகிறது. தினமும் குளிப்பதே மார்புக்குப் போதுமான சுத்தம். சோப்பு போட்டுக் கழுவ வேண்டியது உன் கைகளை. பால் எடுக்கும் பம்பையும் புட்டியையும் மட்டும் கவனமாகச் சுத்தம் செய். உன் குழந்தை நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கிறாள் என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனை சொல்லும் முறைதான் சரி.

பாக்டீரியாவை அனுப்பி வைப்பதோடு பால் நின்றுவிடுவதில்லை. அவற்றுக்குக் கட்டுச்சோறும் கட்டிக் கொடுக்கிறது. இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை. தாய்ப்பாலின் திடப்பொருள்களில் முதலிடம் பால் சர்க்கரைக்கு, இரண்டாமிடம் கொழுப்புக்கு. மூன்றாமிடத்தில் இருப்பவை ஒலிகோசாக்கரைடுகள் என்ற சிக்கலான சர்க்கரைகள். ஏறக்குறைய 200 வகைகளை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சீம்பாலில் அவை இன்னும் அதிகம். இவ்வளவு பாடுபட்டு உடல் தயாரிக்கும் இந்தச் சர்க்கரையைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அதற்கான நொதிகள் அவளிடம் இல்லை. சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பிஃபிடோ பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. அவற்றில் இன்ஃபாண்டிஸ் என்ற வகைக்கு இந்தச் சர்க்கரைகளை உள்ளே இழுத்து உடைக்கும் மரபணுக்கள் தொகுப்பாகவே அமைந்திருக்கின்றன. உன் உணவிலிருந்து ஒரு பங்கை எடுத்து, உன் மகளுக்காகக்கூட அல்ல, உன் மகளுக்குள் குடியேறிய சிற்றுயிர்களுக்காக உன் உடல் சமைக்கிறது.

உண்ட அவை சும்மா இருப்பதில்லை. அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் உண்டாக்குகின்றன. குடல் புளிப்பாகிவிடுவதால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பல கிருமிகளுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் கற்றுக்கொள்வதும் இவற்றோடு பழகித்தான். பாரிஸில் ஹென்றி திஸ்ஸியே என்ற மருத்துவர் 1899இலேயே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டு சொன்னார். இரு கிளைகளாகப் பிரிந்த அதன் வடிவத்தால் வந்ததுதான் பிஃபிடோ என்ற பெயர்.

சிசேரியன் ஆனதைப் பற்றியும் அழுதாய். அறுவைச் சிகிச்சையில் பிறக்கும் குழந்தைகளின் குடலில் தொடக்கத்தில் சில பாக்டீரியாக்கள், குறிப்பாக பாக்டீராய்டிஸ் வகை, குறைவாக இருப்பது உண்மை. அறுவைக்காகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக்குக்கும் அதில் பங்கு உண்டு. அந்த அறுவை உங்கள் இருவரையும் காப்பாற்றியது, அதற்காக நீ ஒரு நொடிகூட வருந்தக் கூடாது. பிறப்பு வழியில் கிடைக்காததில் ஒரு பகுதியைப் பால் வழியாகக் கொடுக்கும் வாய்ப்பு இப்போது உன் கையில் இருக்கிறது. முதல் வாரம் புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்ததால் எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைக்காதே. நான் சொன்ன 2017ஆம் ஆண்டு ஆய்வில், எவ்வளவு தாய்ப்பாலோ அவ்வளவு தாக்கம் என்றுதான் தெரிந்தது. கொஞ்சம் கொடுத்தாலும் அந்தக் கொஞ்சத்துக்குக் கணக்கு உண்டு.

வேலைக்குத் திரும்பிய பிறகு பம்பில் எடுத்துக் கொடுக்கலாமா என்றாய். தாராளமாகக் கொடு. கனடாவில் 393 தாய்மாரின் பாலை ஆராய்ந்தபோது, நேராக மார்பில் கொடுப்பவர்களின் பாலுக்கும் பம்பில் எடுத்துக் கொடுப்பவர்களின் பாலுக்கும் பாக்டீரியாக் கலவையில் வேறுபாடு தெரிந்தது. எடுத்துக் கொடுத்த பாலில் பிஃபிடோ குறைவாக இருந்தது. அதனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நேராகவே கொடு. காலையிலும் இரவிலும் கொடுப்பதே பெரிது. சர்க்கரைகளும் எதிர்ப்புப் புரதங்களும் எடுத்து வைத்த பாலிலும் இருக்கின்றன.

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கியதும் பாலை நிறுத்திவிடலாம் என்று உனக்குச் சிலர் சொல்கிறார்களாம். ஸ்வீடனில் 98 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2015இல் எழுதியிருக்கிறார்கள். குழந்தையின் குடல் பெரியவர்களின் குடலைப் போல மாறத் தொடங்குவது உணவு ஊட்டத் தொடங்கும்போது அல்ல, தாய்ப்பாலை நிறுத்தும்போது. சோறு வந்த பின்னும் பால் இருக்கும்வரை அந்தப் பழைய குடிகள் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீயும் அவளும் விரும்பும்வரை கொடு.

அந்தக் கிருமிநாசினிப் புட்டியை இன்றே அலமாரிக்குள் வைத்துவிடு. பால் கொடுத்து முடித்ததும் சில துளிகளை விரலில் எடுத்து வெடித்த இடத்தில் தடவி, காற்றில் உலர விடு. இரண்டு மூன்று நாளில் எரிச்சல் குறையவில்லை என்றால், அல்லது மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால், தயங்காமல் மருத்துவரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை அழைக்கிறேன். அவள் பால் குடிக்கும் நேரமாக இருந்தாலும் எடு, அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா